சின்ன காருக்குள் பெரிய மூச்சு

2025 மே மாதம் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் கோல்ஃப் ஜிடிஐ காரை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எக்ஸ் ஷோரூம் விலை ஏறத்தாழ 53 லட்சம் ரூபாய். பார்ப்பதற்கு ஐந்து பேர் உட்காரும் சாதாரண ஹேட்ச்பேக்தான். அந்தப் பணத்துக்கு ஜெர்மன் சொகுசு செடான் கிடைக்கும். ஏழு பேர் போகும் பெரிய எஸ்யூவியும் கிடைக்கும். ஆனாலும் முதல் தொகுதியாக ஒதுக்கிய 150 கார்களுக்கும் சில நாட்களிலேயே முன்பதிவு முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்தக் காரைப் பதிவு செய்ய 20 சதவீதச் சாலை வரி கட்ட வேண்டும். வரி மட்டுமே 10 லட்சத்து 60 ஆயிரம் வரும். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிக்கும் ஐ20 என் லைன் காரின் அடிப்படை வகையை அந்தத் தொகைக்கு ஷோரூமில் வாங்கிவிடலாம்.

இரண்டுமே ஹாட் ஹேட்ச்பேக் என்றுதான் அழைக்கப்படுகின்றன. ஒன்று 265 குதிரைத்திறன், மற்றது 120. இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பது எது?

பதில் 1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் இருக்கிறது. ஃபோக்ஸ்வேகனின் சில பொறியாளர்கள், நிறுவனத்தின் அதிகாரபூர்வத் திட்டத்தில் இல்லாமலேயே, கோல்ஃப் என்ற குடும்பக் காருக்குள் 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன் எஞ்சினை வைத்து, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கிப் பார்த்தார்கள். எடை 800 கிலோவைச் சற்றே தாண்டிய அந்தக் கார் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 5,000 கார் விற்றால் போதும் என்று தொடங்கிய முதல் தலைமுறை ஜிடிஐ, நான்கரை லட்சத்துக்கும் மேல் விற்றது. பின் இருக்கையும் டிக்கியும் அப்படியே இருந்தன. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம், அலுவலகம், மளிகை. ஞாயிறு காலையில் மலைப்பாதை. இரண்டுக்கும் ஒரே கார் என்பதுதான் இந்த வகையின் சாரம். இன்று இதில் ஒன்றை வாங்க நினைப்பவரும் இதே அளவுகோலை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வாரநாள் வேலையைச் செய்யாத கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஹாட் ஹேட்ச் ஆகாது.

இந்தியாவில் இந்த வகையின் உருவத்தைத் தீர்மானித்தது வரிச் சட்டம். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருந்தால் அது சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இந்த எல்லையைத் தாண்டும் கார்களுக்கு 40 சதவீதம். அதனால்தான் ஐ20 என் லைன் 3,995 மில்லிமீட்டர் நீளத்தோடு நின்றுகொள்கிறது. அதன் எஞ்சின் வெறும் 998 சிசி, மூன்று சிலிண்டர். டர்போ இல்லாமல் இந்த அளவு எஞ்சின் பெரும்பாலும் 70 குதிரைத்திறன் அளவில்தான் தரும். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவதால் அது 120 ஆகிறது. 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. டாடா 2024 ஜூனில் இறக்கிய ஆல்ட்ராஸ் ரேசரும் இதே வழியில் வந்ததுதான்: 1.2 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர்.

இதற்கு முன்னும் முயற்சிகள் நடந்தன. 2015இல் ஃபியட், 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோவைப் பத்து லட்சத்துக்குள் கொடுத்தது. 2017இல் மாருதியின் பலேனோ ஆர்எஸ் வந்தது. 2018இல் வந்த டியாகோ ஜேடிபி தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய கார். கோயம்புத்தூரின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டாக உருவாக்கியது. எளிய குடும்பக் காரான டியாகோவுக்கு 114 குதிரைத்திறன் டர்போ எஞ்சினைக் கொடுத்து, சஸ்பென்ஷனையும் கியர் விகிதங்களையும் மாற்றி, ஏழு லட்சத்துக்குள் விற்றார்கள். பந்தயப் பாரம்பரியம் உள்ள ஒரு ஊர் தன் கைத்திறனைச் சாமானிய வாங்குபவரிடம் கொண்டுசேர்த்த அருமையான முயற்சி அது. 2020இல் பிஎஸ்6 மாசு விதிகள் வந்தபோது ஜேடிபியும் பலேனோ ஆர்எஸ்ஸும் விடைபெற்றன. இந்த வகைக் கார்கள் குறைந்த எண்ணிக்கையில் வந்து சீக்கிரம் போய்விடும். எனவே தேர்ந்தெடுக்கும்போதே, எஞ்சினும் கியர் பெட்டியும் அதே நிறுவனத்தின் அதிகம் விற்கும் வேறு மாடல்களிலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐ20 என் லைனின் டர்போ எஞ்சின் வென்யூவிலும், ஆல்ட்ராஸ் ரேசரின் எஞ்சின் நெக்ஸானிலும் ஓடுகின்றன. பத்து ஆண்டு கழித்து உதிரிபாகம் தேடும்போது இது பெரிய நிம்மதி.

காரை முடிவு செய்தபின் எந்த வகை, எந்தெந்தக் கூடுதல் வசதிகள் என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலானோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இதில் ஐரோப்பியச் சந்தையிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. அங்கே ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி 2018இல் புதிய வடிவில் வந்தபோது, விருப்பத் தேர்வாக ஒரு ‘பெர்ஃபாமன்ஸ் பேக்’ இருந்தது. அதில் இருந்த முக்கியமான பொருள் குவைஃப் நிறுவனத்தின் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு குறை உண்டு. வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறையும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அது வீணாகச் சுழலும், கார் வெளிப்பக்கமாக நழுவும். குவைஃப் அமைப்பு அந்த விசையைப் பிடிமானம் உள்ள வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும். ஹூண்டாய் ஐ30 என் காரின் பெர்ஃபாமன்ஸ் வகையும், டொயோட்டா ஜிஆர் யாரிஸின் சர்க்யூட் பேக்கும் இதே வேலையைச் செய்யும் டிஃபரன்ஷியலையும் சேர்த்தே கூடுதல் பணம் கேட்டன. இது கியர் பெட்டிக்குள் உட்காரும் பாகம். வாங்கும்போது விட்டுவிட்டால் பிறகு பெட்டியையே பிரிக்க வேண்டும்.

அங்கே விவரம் தெரிந்தவர்கள் இந்த வரிசையில்தான் பணத்தை ஒதுக்குவார்கள்: எஞ்சினுக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் பாகங்கள் முதலில், கண்ணுக்கும் காதுக்கும் ஆனவை கடைசியில். பிரேக், சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல், கியர் பெட்டி, தாங்கிப் பிடிக்கும் இருக்கை ஆகியவற்றைத் தொழிற்சாலையே சரியாகப் பொருத்த முடியும். ஒலிபெருக்கி, கேமரா, சீட் கவர், தரைவிரிப்பு போன்றவற்றைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்த வாரமும் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியாவில் பெரும்பாலும் வசதிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அவை வகைகளாகக் கட்டி விற்கப்படுகின்றன. ஐ20 என் லைனில் என்6, என்8 என்று இரண்டு. இவற்றுக்கிடையே எஞ்சின் மாறாது, இறுக்கிய சஸ்பென்ஷன் மாறாது, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஆறு ஏர்பேக், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி எதுவும் மாறாது. என்8இல் கூடுவது 10.25 அங்குலத் திரை, போஸ் ஒலிபெருக்கிகள் போன்றவை. ஓட்டும் இன்பத்துக்காக மட்டும் வாங்குபவருக்கு என்6 மேனுவலே போதும்.

தமிழ்நாட்டில் அதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட சாலை வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி 1,28,700. விலை இன்னும் 20 ஆயிரம் கூடி 10 லட்சத்து 10 ஆயிரம் ஆனால் வரி 1,81,800. ஷோரூம் விலையில் 20 ஆயிரம் வித்தியாசம், வரியில் 53,100 ரூபாய் வித்தியாசம். ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிறகு என்6 மேனுவல் இந்தக் கோட்டுக்குக் கீழும், என்8 வகைகள் மேலும் அமைந்தன. விற்பனையாளர் மாதத் தவணையில் ‘இன்னும் கொஞ்சம்தான் சார்’ என்று சொல்லும்போது, ஆன் ரோடு விலைப் பட்டியலைக் கையில் வாங்கி சாலை வரித் தொகையைத் தனியாகப் பார்ப்பது நல்லது. காப்பீட்டிலும் சிறிய எஞ்சினுக்கு ஒரு லாபம் இருக்கிறது. 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி, 1,000 சிசிக்குள் உள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சிசி வரை 3,416 ரூபாய்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்பதில் எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. என் லைனில் 6 கியர் மேனுவலும், 7 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் கிடைக்கின்றன. ஆல்ட்ராஸ் ரேசர் மேனுவலில் மட்டுமே வந்தது. இரட்டைக் கிளட்ச் பெட்டியில் ஒரு கிளட்ச் இப்போதைய கியரைப் பிடித்திருக்க, மற்றது அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். அதனால் மனிதக் கை எட்ட முடியாத வேகத்தில் கியர் மாறும். ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை, அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் சூடேறும். பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் இரண்டு மணி நேரம் ஊர்பவர் இடது காலுக்கு ஓய்வு வேண்டும் என்று ஆட்டோமேட்டிக்கை எடுப்பதில் தவறில்லை. முன்வண்டியை ஒட்டிக்கொண்டே நகராமல், சற்று இடைவெளி விட்டு ஒரே மூச்சில் நகர்த்திப் பழகினால் கிளட்ச் நீடிக்கும். திருச்சி, சேலம் போன்ற ஊர்களில் இருந்துகொண்டு வாரக்கடைசியில் மலையேறுபவருக்கு மேனுவலின் சுகமே தனி.

சக்கர அளவில் ஆசை கண்ணை மறைக்கும். டயரில் 195/55 ஆர்16 என்று எழுதியிருந்தால், அதன் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். 18 அங்குல ரிம்முக்கு வரும் 225/40 டயரில் அது 90 மில்லிமீட்டர்தான். அந்த 17 மில்லிமீட்டர்தான் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுகிறது. நம் ஊரில் வண்ணம் பூசாத வேகத்தடைகள் இரவில் திடீரென்று எதிர்ப்படும். நிறுவனம் கொடுத்த அளவிலேயே இருந்துகொண்டு, தேயும்போது அதைவிடத் தரமான டயருக்கு மாறுவது புத்திசாலித்தனம். பிரேக் பிடிக்கும் தூரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி மூன்று கிலோமீட்டரோடு முடித்துக்கொள்ளக் கூடாது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளமோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ அதற்குத் தேவையில்லை. தினமும் போகும் வழியே போதும். உடைந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கிய சஸ்பென்ஷன் முதுகைப் பதம் பார்ப்பது அங்கேதான். மூன்றாம் கியரில் 1,200 சுற்றில் விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தி, டர்போ விழித்துக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனிக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போவது மிக அவசியம். கறுப்பு உட்புறமும் கடினமான சஸ்பென்ஷனும் அப்பா அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது வாங்குவதற்கு முன் தெரிய வேண்டிய செய்தி.

இன்னும் அதிக வேகம் வேண்டும் என்று எஞ்சின் கணினியின் நிரலை மாற்றும் ரீமேப் வேலைக்குப் பலரும் போகிறார்கள். உத்தரவாதம் போய்விடும் என்பது ஒரு பக்கம். கூடும் விசையைத் தாங்க கிளட்சும் பிரேக்கும் வடிவமைக்கப்படவில்லை என்பதே பெரிய அபாயம். சைலன்சரை மாற்றித் தெருவை அதிரவைப்பது சட்டத்துக்கும் புறம்பு, தூங்கும் குழந்தைகளுக்கும் தொல்லை.

புதியதற்குப் பட்ஜெட் இல்லாதவருக்குப் பழைய கார்ச் சந்தை திறந்திருக்கிறது. 2022இல் இந்தியாவில் விடைபெற்ற ஃபோக்ஸ்வேகன் போலோவின் ஜிடி டிஎஸ்ஐ வகைக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. 2013இல் வந்த 1.2 லிட்டர் வகையில் 7 கியர் டிஎஸ்ஜி பெட்டி. 2020க்குப் பின் வந்த 1.0 லிட்டரில் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். டிஎஸ்ஜி பழுதானால் செலவு கடுமை என்பதால், அதைத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், வண்டி நன்றாகச் சூடேறும்வரை நெரிசலில் ஓட்டிப் பார்ப்பது உசிதம். ஐ20 என் லைனிலும் 2021 முதல் 2023 வரை வந்தவற்றில் மேனுவலுக்குப் பதிலாக ஐஎம்டி எனப்படும் கிளட்ச் மிதி இல்லாத கியர் பெட்டி இருக்கும். உண்மையான மேனுவல் வேண்டும் என்பவர் தயாரிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023க்கு முந்தைய வண்டி என்றால் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் சீல்களையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். டர்போ எஞ்சினுக்கு எண்ணெய்தான் உயிர் என்பதால், எண்ணெய் மாற்றிய தேதிகள் சர்வீஸ் புத்தகத்தில் இடைவெளியின்றி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, குனிந்து நான்கு டயர்களையும் பார்த்தால் போதும். நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருந்தால், முந்தைய உரிமையாளர் காரைக் கவனித்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.