ஏ: என்பது வெறும் பெயர்தான்: எம்டூல்ஸ் அமைப்பு பற்றி ஒரு குறிப்பு

90களில் தட்டச்சு செய்த கட்டுரைகளும் தரவுகளும் ஃப்ளாப்பி, ஜிப் வட்டு, பழைய ஹார்ட் டிஸ்க் என்று பலரிடம் இன்னும் கிடக்கின்றன. அவற்றை இமேஜ் கோப்பாகப் படியெடுத்து லினக்ஸில் திறந்தால், சில சமயம் "இது டாஸ் வட்டு இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். உடனே வட்டு செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தரவு பத்திரமாகவே இருக்கலாம். அது எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் நாம் மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டிருப்போம்.

இதற்கு நான் பயன்படுத்துவது எம்டூல்ஸ். வட்டை மவுண்ட் செய்யாமலே எம்டிர், எம்காப்பி போன்ற கட்டளைகளால் கோப்புகளைப் பார்க்கலாம், எடுக்கலாம். டாஸ் போலவே ஏ:, பி: என்று எழுதலாம். ஆனால் அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பதை அமைப்புக் கோப்புதான் முடிவு செய்கிறது. கணினி முழுவதற்கும் 'எம்டூல்ஸ்.கான்ஃப்', நமக்கு மட்டும் என்றால் ஹோம் அடைவில் '.எம்டூல்ஸ்ஆர்சி'. (இங்கே தமிழில் எழுதும் பெயர்களையெல்லாம் கணினியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

ஒரு டிரைவுக்கு 'டிரைவ்' என்ற சொல், எழுத்து, பிறகு 'ஃபைல்' என்று இமேஜின் பாதை. சாதாரண ஃப்ளாப்பி இமேஜுக்கு இவ்வளவு போதும். 1.44 எம்பி வட்டு என்றால் 80 சிலிண்டர், 2 ஹெட், 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560. உங்கள் இமேஜின் அளவு இதற்குக் குறைவாக இருந்தால் படியெடுப்பது பாதியில் நின்றிருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் இமேஜில் கதை வேறு. அதன் முதல் செக்டரில் இருப்பது பார்ட்டிஷன் அட்டவணை. டாஸ் வடிவமைப்பு விவரம் அதற்குப் பிறகுதான் வரும். 'பார்ட்டிஷன்=1' என்று சேர்த்தால் எம்டூல்ஸ் அட்டவணையைப் படித்துச் சரியான இடத்துக்குப் போய்விடும். ஜிப் வட்டுகளில் பெரும்பாலும் 4 என்று போட வேண்டும். அட்டவணையே கெட்டிருந்தால் 'ஆஃப்செட்' இருக்கிறது. தொடக்க செக்டரை 512ஆல் பெருக்கிக் கொடுங்கள். பழைய வட்டுகளில் முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 63ஆம் செக்டரில் தொடங்கும், அதாவது 32,256.

அடாரி எஸ்டி போன்றவற்றில் எழுதிய சில வட்டுகள் டாஸ் மாதிரியே இருந்தாலும் எம்டூல்ஸின் சோதனையில் தேறாது. அப்போது 'எம்டூல்ஸ்_ஸ்கிப்_செக்=1' போடலாம். படிக்க மட்டும்தான்! சோதனையை நிறுத்திவிட்டு எழுதப் போனால் இருப்பதும் போய்விடும். அதனால் இமேஜை முதலிலேயே படிக்க மட்டும் அனுமதியுள்ளதாக மாற்றிவிடுவது என் வழக்கம்.

கடைசியாக ஒன்று. எம்காப்பியில் 'டி' என்ற விருப்பம் வரிமுடிவுகளை மாற்றும். வேர்டு கோப்புகளுக்கு அதைப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் பைட்டுகளும் மாறி கோப்பு கெடலாம். முதலில் உள்ளது உள்ளபடி எடுத்து வையுங்கள். பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் வேலையெல்லாம் அந்தப் பிரதியின் நகலில் செய்துகொள்ளலாம்.