பழைய நாவலுக்குப் பேய் பிடித்தால்...

சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் நண்பர் ஒருவருக்குத் தீராத கவலை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன் வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். பள்ளியிலோ மலையாளமும் ஆங்கிலமும். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் மெல்ல நழுவிவிடுகிறான். "கல்கியைக் கொடுத்தேன் சார், தடிமனைப் பார்த்தே ஓடிவிட்டான். பேய்ப்படம் என்றால் மட்டும் சோறு தண்ணீர் வேண்டாம்!" என்று அலுத்துக்கொண்டார்.

இந்தப் பேய் ஆசையையே முதலாக வைத்து அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் காசு பார்த்தது. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்டு பிரெஜுடிஸ்' கல்யாணமும் குடும்ப கௌரவமும் பேசும் நாவல். 2009-ல் சேத் கிரகாம் ஸ்மித் என்பவர் அதற்குள் கல்லறையிலிருந்து எழுந்து நடமாடும் பிணங்களைப் புகுத்தினார். ஆஸ்டினின் வாக்கியங்களில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அட்டையில் இருவர் பெயரும் இருந்தன. ஆஸ்டின் காலமானது 1817-ல். ஆகவே உரிமைப் பிரச்னை இல்லை. புத்தகம் அமோகமாக விற்றது. அதே ஆண்டு ஆஸ்டினின் இன்னொரு நாவலில் கடல் பூதங்கள் புகுந்தன. 2016-ல் பிணக்கதை சினிமாவாகவும் வந்தது.

'இதென்ன அக்கிரமம்!' என்று நாம் மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் இந்த வித்தையை எப்போதோ செய்துவிட்டார்கள்.

பழையனூர் நீலியின் கதை தமிழ்நாட்டில் பாட்டிமார் அறிந்தது. கணவனால் கொலையுண்டு, பேயாகி வந்து பழி தீர்த்தவள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியை இயற்றிய சமணப் புலவர் இந்தப் பேயையே கதாநாயகி ஆக்கினார். முனிவரைப் பயமுறுத்த வந்த நீலி, அவரிடமே பாடம் கேட்டு, ஊர் ஊராகச் சென்று வாதம் புரிகிறாள். வறண்ட தத்துவத்துக்கு ஆள் சேர்க்கப் பேயைவிட நல்ல தண்டோரா ஏது?

இந்த ஊருக்கும் ஒரு நீலி உண்டு. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி. வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் யட்சி. சி. வி. ராமன்பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவலில் பஞ்சவன்காட்டு யட்சியின் கதையும் வருகிறது. திருவிதாங்கூர் அரசியலுக்கு நடுவே வாசகரை உலுக்கும் இடம் அது. 1967-ல் மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 'யட்சி' நாவலில் அவளை ஒரு கல்லூரி ஆசிரியரின் சந்தேகத்துக்குள் குடிவைத்தார். 2025-ல் 'லோகா' படத்தில் அதே நீலி புது அவதாரம் எடுத்தாள், தியேட்டர்கள் நிரம்பின.

ஆனால் ஒட்டவைத்த பேய்க்கும் கதையோடு பிறந்த பேய்க்கும் வித்தியாசம் உண்டு. ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் ஒரு பிணத்தை நடக்கவிட்டால் சிரிப்பு வரலாம். அந்தக் கிராமத்துப் பேச்சின் சுகம் போய்விடும். வேடிக்கை ஒருமுறைதான் செல்லும். நீலகேசியின் பேயோ கதைக்குள்ளேயே மனம் மாறுகிறது. படிப்பவரையும் கூட அழைத்துப் போகிறது.

எனினும் வாசலில் நின்று அழைக்க ஒருவர் வேண்டும் அல்லவா? சுண்ணாம்பு கேட்டால்தானே வழிப்போக்கன் நிற்கிறான்!

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். ஒருநாள் இரவு மின்சாரம் போன நேரத்தில் மகனுக்கு நீலி கதையைச் சொல்லி, பாதியில் நிறுத்திவிட்டாராம். "அப்புறம்?" என்று பையன் கேட்க, "புத்தகத்தில் இருக்கிறது" என்றாராம். 1829-ல் தொடங்கிய பாளையம் பொது நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. மறுநாளே ஒன்றை எடுத்து வந்தார்.

பையன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். 'ழ' வரும் இடத்தில் தடுமாறுகிறான். முதல் வாரம் மூன்று பக்கம். சென்ற வாரம் பதினொன்று.

பேய் வந்து சேர்த்த கணக்கு இது. கணக்கர் சந்தோஷமாகவே எழுதிக்கொண்டார்.