காட்டூன் சண்டையும் எங்கள் சிலம்படியும்

அல்பெர்கேரியாவில் எம்மவர் வீடுகளில் பின்னேரம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். வேலையால் வந்து நாம் களைத்து இருப்போம். பிள்ளைகள் இத்தாலிய மொழியில் யப்பான் காட்டூன் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒருவன் பறக்கிறான், இன்னொருவன் உள்ளங்கையால் ஒளியை எறிகிறான். "என்ன விசர்ச் சண்டை, நிப்பாட்டு!" என்று நாம் அதட்டுவோம். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: அந்தச் சண்டைகளுக்குள் உண்மையான தற்காப்புக் கலைகள் இருக்கின்றன. அவற்றை நாமும் அறிந்து வைத்தால், மொழியால் எம்மை விட்டுத் தூரப் போகும் பிள்ளையோடு பேச ஒரு வழி கிடைக்கும்.

"ட்ராகன் போல்" கதையை அகிரா தொரியாமா 1984இல் எழுதத் தொடங்கினார். அதன் நாயகன் கோக்குவின் பெயர், 16ஆம் நூற்றாண்டுச் சீனக் கதையில் வரும் குரங்கு வீரனின் பெயரே. புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் போகும் துறவியோடு அந்தக் குரங்கு செல்கிறது. நிஜத்தில் அந்தத் துறவி யுவான் சுவாங். 7ஆம் நூற்றாண்டில் எமது காஞ்சிபுரம் வரை வந்தவர்.

"நருட்டோ"வில் வரும் ரொக் லீயைப் பாருங்கள். அவன் பெயர் புறூஸ் லீயை நினைவூட்டும். குடித்தவன் போலத் தள்ளாடி அடிக்கும் அவனது முறை சீனாவில் உண்மையாகவே உண்டு. அதே கதையில் நெஜி உள்ளங்கையால் அடிப்பது, வட்டமாக நடந்து பழகும் பாகுவா என்ற சீனக் கலையை ஒட்டியது.

"கென்" என்ற வீரனோ உடம்பில் 708 புள்ளிகள் என்கிறான். தொட்டால் எதிரி வெடித்துச் சிதறுகிறான்! வெடிப்பது கற்பனை. ஆனால் புள்ளிகள் என்ற எண்ணம் சீன அக்குபங்சரில் இருந்து வந்தது. எமது வர்மக் கலையும் 108 புள்ளிகள் சொல்கிறது: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்மார் அடிக்கும் முறையோடு, அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையையும் கற்பிப்பார்கள். முறிவு தெறிவுக்கு வைத்தியமும் செய்வார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, கழுத்திலும் கன்னப்பொறியிலும் விளையாட்டுக்கும் அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மிகைப்படுத்துவது யப்பானியர் மட்டுமல்ல. பலெர்மோவின் பூப்பி பொம்மலாட்டத்தில் ஓர்லாந்தோ ஒருவனே படை முழுவதையும் வெட்டிச் சாய்க்கிறான். எமது நாட்டுக்கூத்தில் வரும் போர் மட்டும் சின்னதா?

இங்கே ஒரு விடயத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். "எல்லாம் தமிழன் குடுத்தது, காஞ்சிப் போதிதர்மர்தான் சீனனுக்கு அடிக்கப் பழக்கினவர்" என்று எம்மவர் பலர் சொல்வார்கள். 2011இல் வந்த "7ஆம் அறிவு" படத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. போதிதர்மரைச் சண்டைக் கலையோடு சேர்த்துச் சொல்லும் சீன எழுத்து 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அவர் வாழ்ந்ததோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்பதில்லை. இங்கே படிக்கும் பிள்ளை ஒருநாள் புத்தகத்தைத் திறந்து பார்க்கும். அன்றைக்கு எங்கள் வீண்பெருமை உடைந்தால், நாம் சொன்ன உண்மைகளையும் அது நம்பாது.

கலைகள் கை மாறி வந்தவை. கராத்தே ஒக்கினாவாத் தீவில் வளர்ந்தது. அந்தப் பெயரை முதலில் "சீனக் கை" என்ற பொருள்படத்தான் எழுதினார்கள், பிறகுதான் "வெறுங்கை" ஆனது. எமது ஊர்களிலும் "சீனடி, சிலம்படி" என்று சேர்த்தே சொல்வார்கள். அந்தச் சீனடியின் பெயரிலும் சீனம் இருக்கிறது! வாங்கியதை மறைக்காமல் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எனவே அடுத்த முறை நிப்பாட்டச் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். "இது எந்த நாட்டு அடி?" என்று கேளுங்கள், பிள்ளை சொல்லித் தரட்டும். பிறகு உங்கள் முறை. எம்மவரில் சிலம்பம் பழகியவர் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமையில் அழையுங்கள். பல்லாறோச் சந்தையில் வாங்கும் விளக்குமாற்றுத் தடி தொடங்குவதற்குப் போதும். ஆனால் முதலில் காலடி பழக வேண்டும், பிறகுதான் கம்பு. கோக்குவும் பறக்க முன்னர் குருவிடம் வருத்தப்பட்டுப் பழகியவன்தான் என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.