பத்து மாதம் – 9: தவளை சொன்ன சேதி

சென்ற வாரம் கர்ப்பிணிகளின் பதிவு அட்டையோடு நிறுத்தியிருந்தோம். கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் ஏன் பதிய வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லவில்லை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் மாமியார், கண்ணேறு, கர்ப்பத்தை மூன்று மாதம் ரகசியமாக வைப்பது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு தவளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆப்பிரிக்க நகத்தவளை. கேப் டவுனில் பணியாற்றிய விலங்கியலாளர் லான்ஸ்லாட் ஹாக்பென், மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை இந்தத் தவளைக்குச் செலுத்தினால் அது முட்டையிடுவதை 1930 வாக்கில் கவனித்தார். கர்ப்பிணியின் சிறுநீரில் உள்ள ஹார்மோனுக்கும் அதே சக்தி உண்டு. ஆகவே பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். மறுநாள் காலையில் முட்டைகள் கிடந்தால் அவள் கர்ப்பிணி. அதற்குச் சற்று முன்புதான் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோன்டெக்கும் எலிச் சோதனையைக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு எலியைக் கொன்று சூலகத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். முடிவு தெரியவும் நாள் கணக்காகும். தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. ஓய்வு கொடுத்தால் அடுத்த பெண்ணுக்கும் அதுவே சேதி சொல்லும். ஆய்வகங்களில் தொட்டி தொட்டியாக வளர்த்தார்கள். கடல் தாண்டி ஏற்றுமதி செய்தார்கள். 1960கள் வரை இந்தச் சோதனை புழக்கத்தில் இருந்தது.

தவளை சொன்ன சேதி முதலில் யாருக்குப் போனது? மருத்துவருக்கு. அவர் சொன்னால்தான் வயிற்றில் சுமப்பவளுக்குத் தெரியும். இதை மாற்ற நினைத்தவர் மார்கரெட் கிரேன். அமெரிக்காவில் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பொருட்களுக்கு உறை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1967-ல் அங்கே ஆய்வகத்தில் வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்து, இதைப் பெண்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று தோன்றியது அவருக்கு. மேசையில் பேப்பர் கிளிப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியை வைத்து முதல் மாதிரியைச் செய்தார். நிறுவனத்துக்குத் தயக்கம்: மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்களே! 1971-ல் கனடாவிலும், பல ஆண்டு கழித்து அமெரிக்காவிலும் அது கடைக்கு வந்தது. ஒரு டாலருக்கு உரிமையை எழுதிக்கொடுத்த கிரேனுக்கு அந்த ஒரு டாலர்கூடக் கைக்கு வரவில்லை.

இந்தக் கதையிலேயே வாரம் முழுக்கக் கிடந்தேன். காரணம் உண்டு. “ஏன் இவ்வளவு லேட்டா வந்தே?” என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கர்ப்பிணியிடம் கேட்கும்போது, அவளுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் சோம்பிவிட்டாள் என்று வைத்துக்கொண்டே கேட்கிறோம். பலருக்குத் தெரியவே தெரியாது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் பிரசவத்துக்குப் பிறகு தலைக்கு ஊற்றுவதே திரும்பியிருக்காது; அதற்குள் அடுத்தது தரித்துவிடும். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போவது வழக்கம்தான். கரு தங்கிய பிறகும் சிலருக்கு லேசாக உதிரம் படும். அதையே மாதவிலக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர்கள், “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?” என்று கேட்பார்கள். “ஆடிப்பெருக்குக்கு முந்தி”, “மாரியம்மன் கொடைக்குக் காப்புக் கட்டுன வாரம்” என்று பதில் வரும். அதைத் தேதியாக மாற்ற நாட்காட்டியைப் புரட்டும் அந்தச் செவிலியர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. தேதி தவறினால் பிரசவ நாளும் தவறும். ஆரம்ப மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் ஒரு வாரத்துக்குள் துல்லியம் காட்டும். மாதம் ஏற ஏற அந்தத் துல்லியம் குறையும்.

கர்ப்பமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் கார்டு இப்போது மெடிக்கலில் கிடைக்கிறது. ஆனால் சின்ன ஊரில் மெடிக்கல் வைத்திருப்பவர் மாமனாரின் சினேகிதராக இருப்பார். கல்யாணமாகி மூன்று மாதமான பெண் அவரிடம் போய் அந்தக் கார்டைக் கேட்பாளா? கல்யாணமே ஆகாதவள்? இன்னொன்றும் நடக்கிறது. கானா, கென்யா, மலாவி நாடுகளில் செய்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, சீக்கிரமே வந்த பெண்களை “அப்புறம் வா” என்று சுகாதார நிலையத்திலேயே திருப்பி அனுப்பியதைப் பதிவுசெய்திருக்கிறது. சிறுநீர்ச் சோதனைக்கு வசதியில்லை. தொட்டுப் பார்க்க வயிறும் இன்னும் எழும்பவில்லை. அப்படித் திரும்பிப் போனவளை ஐந்தாம் மாதத்தில் ‘தாமதமாக வந்தவள்’ என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

இந்தியாவில் முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்தவர்கள் 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 59 சதவீதம். 2019-21-ல் 70 சதவீதம். நல்ல ஏற்றம். நூற்றில் மீதி 30 பேரின் முதல் வாரங்களில் என்ன நடந்தது என்பதே என் கேள்வி. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளில் மூடிக்கொள்கிறது. அப்போது அவளுக்கு நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். ஃபோலிக் அமில மாத்திரை வேலை செய்ய வேண்டிய நேரம் அது.

கார்டில் இரண்டு கோடு தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் வாய் திறக்காத பெண்கள் உண்டு. கண்ணேறும் மாமியாரும் வருவது அங்கேதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களும் அங்கேதான் வருகிறார்கள். அவர்களையும் சேர்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)