மலையின் உயரமும் காற்றின் உக்கிரமும்

மலை எவ்வளவு உயரமோ, அதன் சிகரத்துச் சீதோஷ்ணமும் அவ்வளவு கொடியது என்று எண்ணுவது நம்மில் பலருக்கு இயல்பு. ஆனால் மனிதர் உடனிருந்து அளந்த காற்றுகளில் மிக வேகமானது, 8,849 மீட்டர் உயர்ந்த எவரெஸ்ட்டில் அன்று, அதன் உயரத்தில் கால்பங்குகூட இல்லாத, அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்து வாஷிங்டன் சிகரத்திலேதான் வீசியது.

1,917 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் 1932-இல் வானிலை ஆய்வகம் ஒன்று அமைந்தது. 1934 ஏப்ரல் 12 அன்று, பாறையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அதன் கட்டடத்தில் பக்லியூக்கா, மெக்கன்சி முதலிய ஆய்வாளர்கள் காத்திருக்க, மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதிற்று. அன்று விடியுமுன்னரே, காற்றுமானியில் பனிக்கட்டி படிந்து வேகத்தைக் குறைத்துக் காட்டுவதை உணர்ந்த ஸ்டீபன்சன் என்னும் ஆய்வாளர், தடியும் கையுமாக அந்தப் பிரசண்ட மாருதத்தினூடே சென்று, ஏணியில் ஏறி, அப்பனிக்கட்டியைத் தட்டி உடைத்துவிட்டு வந்திருந்தார். விஞ்ஞான சரித்திரத்தில் இதனினும் பெரிய கண்டுபிடிப்புகள் உண்டு. இத்தகைய கடமையுணர்ச்சி அரிது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒலிவியா புயல் 408 கிலோமீட்டர் வேகத்தை எட்டியபோது, அதை அளந்தது ஆளில்லாத கருவி.

சிறிய சிகரத்துக்கு இத்தனை சீற்றம் ஏன்? வெவ்வேறு திசைகளிலிருந்து புயல்கள் வரும் பாதைகள் அவ்விடத்தில் ஒன்றுகூடுகின்றன. விரைந்து வரும் காற்றும், மலைமுகட்டுக்கும் மேல்வளி அடுக்குக்கும் இடையே நெருக்குண்டு பின்னும் வேகங்கொள்கிறது.

எவரெஸ்ட்டின் கதை வேறு. குளிர்காலமெங்கும் மேல்வானத்து வேகக்காற்றோட்டம் அதன் சிகரத்தை அறைந்துகொண்டிருக்கும்; மே மாத நடுவில், பருவமழைக்குச் சற்று முன், அவ்வோட்டம் வடக்கே ஒதுங்கும் சில நாட்களே ஏறுவோருக்கு வாய்க்கும் தருணம். எனினும் ஒருவகையில் அம்மலை கருணையுடையது என்றே சொல்லவேண்டும். ஏறக்குறைய டெல்லியின் அட்சரேகையை ஒட்டி அது நிற்கிறது. பூமத்திய ரேகைப் பக்கம் வளிமண்டலம் தடித்தும், துருவங்களை நோக்கி மெலிந்தும் இருப்பதால், அதன் உச்சியில் காற்றழுத்தம் அந்த உயரத்துக்குப் பொதுவாகக் கணக்கிடப்படுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. அலாஸ்காவில் 63 பாகைக்கு வடக்கே நிற்கும் 6,190 மீட்டர் டெனாலிக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. அங்கே ஏறுபவர், இமயத்தில் அதே உயரத்தில் இருப்பவரைக் காட்டிலும் மெலிந்த காற்றைச் சுவாசிக்க நேர்கிறது.

1978 மே 8 அன்று மலையேறிகளான மெஸ்னரும் ஹேபெலரும் செயற்கைப் பிராணவாயு இன்றியே எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அம்மலை டெனாலியின் அட்சரேகையில் நின்றிருந்தால் அது மனித சக்திக்கு எட்டாததாகவே இருந்திருக்கக்கூடும் என்பது, உயர்மலை உடலியலை ஆராய்ந்த ஜான் வெஸ்ட்டின் முடிவு.