புலி தென்படாவிட்டாலும் காடு புலப்படட்டும்

முதுமலைக்குக் கல்விச் சுற்றுலா சென்று திரும்பும் மாணவர்களிடம் பலரும் முதலில் கேட்பது, "புலியைப் பார்த்தாயா?" என்பதுதான். "இல்லை" என்று சொல்லும் குழந்தை, பயணமே வீணானதாக எண்ணிவிடுகிறது. இந்த ஏமாற்றத்தைத் தவிர்ப்பது ஆசிரியர் கையில் உள்ளது.

நீலகிரி மாவட்டத்தில், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சந்திக்கும் பகுதியில் உள்ள முதுமலை, 1940இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. புலி தனித்து வாழும் விலங்கு; பெரும்பாலும் அந்திவேளையிலும் இரவிலும் நடமாடும். பகலில் வண்டியில் செல்வோர் கண்ணில் படுவது அரிது. ஆனால், அது அருகில் இருப்பதைக் காடே அறிவித்துவிடும்.

புள்ளிமான் கூட்டம் மேயும் இடத்தில், மரத்தின் மேல் சாம்பல் மந்திகளை அடிக்கடி காணலாம். மந்திகள் பறித்துச் சிந்தும் இலைகளும் பழங்களும் மான்களுக்கு உணவாகின்றன. உயரத்தில் இருக்கும் மந்தி, தொலைவில் வரும் புலியையோ சிறுத்தையையோ கண்டால் உரக்கக் குரல் எழுப்பும். மான்கள் உடனே தலை நிமிர்ந்து, காதுகளை விறைத்து, முன்காலால் தரையைத் தட்டும். மோப்பத்தால் ஆபத்தை உணரும் மானின் குரல் மந்திக்கும் எச்சரிக்கையாகும். உணவுச்சங்கிலி, தகவமைப்பு, கூட்டுவாழ்க்கை ஆகிய பாடங்கள் இந்த ஒரு காட்சியில் அடங்கியுள்ளன.

இரைச்சலிடும் வண்டியில் இருப்பவர்களுக்கு இக்குரல் கேட்காது. எனவே, பயணத்திற்கு முன்பே வகுப்பில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரு குழு ஒலிகளையும், இன்னொரு குழு காலடித்தடம், மரத்தில் நகக்கீறல், யானைச் சாணம் போன்ற தடயங்களையும், மற்றொரு குழு பறவைகளையும் குறிப்பெடுக்கட்டும். வண்டியில் இருந்தபடியே பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் கீழே இறங்கக் கூடாது.

விதிகளைச் சொல்லும்போது காரணத்தையும் சொல்வோம். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்குகள் சாலையோரத்திலேயே காத்திருந்து வாகனங்களில் அடிபடுகின்றன. உணவு வாசனை வீசும் நெகிழிப் பைகளை மான்களும் யானைகளும் விழுங்கிவிடுகின்றன. காரணம் புரிந்த குழந்தை, ஆசிரியர் பார்க்காதபோதும் பையைக் கீழே போடாது.

முதுமலைக்குச் செல்ல வாய்ப்பில்லாத பள்ளிகளும் இப்பயிற்சியைச் செய்யலாம். பள்ளி வளாகத்தில் பூனை நுழைந்தால் மரத்து அணிலும் மைனாவும் குரல் எழுப்பும். பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, யார் யாரை எச்சரிக்கிறார்கள் என்று மாணவர்கள் எழுதட்டும். கேட்கப் பழகிய காதுகளுக்குக் காடு தானே பேசும்.