கேட் வால்வு திரும்பவே மாட்டேங்குதா? பைப் உடையாமல் சரிசெய்வது எப்படி?

சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் என தாம்பரத்தைச் சுற்றியுள்ள பல வீடுகளில் புழக்கத்துக்கு போர் தண்ணீர்தான். பாத்ரூம் குழாய் உடைந்தால், மொட்டை மாடி டேங்க்கிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள கேட் வால்வை மூட ஓடுவோம். அது அசையாவிட்டால் 1,000 லிட்டர் டேங்க் தண்ணீரும் வீட்டுக்குள்தான். லாரியில் வாங்கி நிரப்பியது என்றால் காசும் சேர்ந்தே போச்சு.

ஏன் இறுகுது?

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் காரணம். பக்கெட்டில் படியும் அதே வெள்ளைக் கறை, வால்வின் மரையிலும் உள்ளே ஏறி இறங்கும் அடைப்பிலும் படியும். பல வருஷம் திறந்தே கிடந்தால் அது கல்லு மாதிரி ஆயிடும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரநிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை. இதைத் தாண்டும் தண்ணீரில் கறை இன்னும் வேகமாகப் படியும்.

விடுவிப்பது எப்படி?

1. முதலில் மோட்டாரை நிறுத்துங்க. டேங்க்கை ஒட்டிய முதல் வால்வே இறுகியிருந்தால், டேங்க்கில் இருக்கும் தண்ணீரைப் புழங்கித் தீர்த்த பிறகே கை வையுங்க.

2. கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றியிருக்கும் நட்டை லேசாகத் தளர்த்துங்க. வினிகரில் நனைத்த துணியை அங்கே ஒரு மணி நேரம் சுற்றி வையுங்க. சுண்ணாம்புப் படிவை அது இளக்கும்.

3. ஒரு ரெஞ்சால் வால்வின் உடலைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைக் கால் சுற்று மூடுங்க, கால் சுற்று திறங்க. கொஞ்சம் கொஞ்சமா நகரும்.

4. நகர்ந்ததும் நட்டை மறுபடி இறுக்குங்க. தண்ணீர் கசியாத அளவு போதும்.

என்ன செய்யக்கூடாது?

கைப்பிடியில் நீள பைப்பைச் செருகி முழு பலத்தையும் போடாதீங்க. வால்வைப் பிடிக்காமல் திருகினால் பிவிசி பைப் அடியோடு முறியும். நெருப்பும் காட்டாதீங்க.

எப்போது மாற்றணும்?

கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கு, தண்ணீர் மட்டும் நிற்கலையா? உள்ளே மரை தேய்ந்தோ அடைப்பு கழன்றோ போயிருக்கும். மாற்றுவதுதான் வழி. கால் திருப்பில் மூடும் பால் வால்வு போடுங்க. கைப்பிடி பைப்புக்கு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். பதற்றத்திலும் குழப்பம் வராது. இரண்டு பக்கமும் யூனியன் வைக்கச் சொன்னால் அடுத்த முறை பைப்பை அறுக்க வேண்டாம். பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடியும் வரை தண்ணீர் விடாதீங்க. தெருவில் உள்ள குடிநீர் வால்வை நீங்களே தொட வேண்டாம். உங்கள் பகுதி உள்ளாட்சி அமைப்பிடம் சொல்லுங்க.

இன்று ராத்திரியே குழாய் உடைந்தால்?

மோட்டாரை நிறுத்திவிட்டு மற்ற குழாய்களையெல்லாம் திறந்து குடம், டிரம்மில் பிடிங்க. உடைந்த இடத்தில் வேகம் குறையும், பிடித்த வரை தண்ணீரும் மிச்சம்.

மாசம் ஒருமுறை எல்லா வால்வையும் மூடித் திறந்து பாருங்க. கேட் வால்வை முழுசாகத் திறந்த பின் கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்க. வாடகை வீடு என்றால், குடியேறும் நாளிலேயே எந்த வால்வு எதை மூடும் என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்டு, பெயிண்டால் எழுதி வைப்பது நல்லது.